தேவராஜ் அவசரப்படுகிறவர் இல்லை

தேவராஜ் இறந்துவிட்டார். எங்கள் பிளான்ட்டின் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்.

நேற்று மதியம். கழிவுநீர் சம்ப்புக்குள், விஷவாயு.

"உரிய பாதுகாப்புக் கருவியின்றி, அவசரப்பட்டு இறங்கியதால்" என்று கம்பெனி குரூப்பில் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

நான் அதே பிளான்ட்டில், குவாலிட்டி லேப்பில் இருக்கிறேன். இங்கே, என் பக்கத்தில், அதிகம் எழுதுகிறவள் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காக எழுதுகிறேன்... அவசரப்பட்டு.

போன வருஷம் சேஃப்டி வாரத்தில் க்விஸ் வைத்தார்கள். ஜெயித்தவர்களுக்குப் பரிசு, ஸ்கூபா டைவிங் அறிமுக வகுப்பு.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் சென்னைக்கு. கடல் எல்லாம் இல்லை, நீச்சல் குளம்தான். பேனர் பிடித்து போட்டோ எடுக்கத்தான் இந்தக் கூத்து என்று நினைத்தேன். பேனரும் இருந்தது.

இரண்டிரண்டு பேராக இறங்க வேண்டும். ஒருவரை ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் நண்பர்களோடு சேர்ந்துகொள்ள, மிஞ்சியது நானும் தேவராஜும்.

கற்றுக்கொடுக்க வந்தவர் சின்ன வயசு. தண்ணீருக்குள் மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் முதல் பாடம் என்றார். காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக ஊத வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம். ஒருவர் வளையம் காட்டிக் கேட்டால் மற்றவர் பதிலுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

எல்லோரும் தலையாட்டினோம். தேவராஜ் ஆட்டவில்லை.

சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேஜ் ஒன்று உண்டு. அதன் முள்ளைப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்தார். திரும்பவும் தன்னுடையதை.

"அண்ணே, இது வெறும் நீச்சல் குளம்" என்றார் அந்தப் பையன்.

"இருக்கட்டும் தம்பி. நாங்க உள்ள இருக்க சொல்லோ மேல யாரு நிக்கிறாங்க, அத்த சொல்லு."

ஆள் வந்து கரையில் நின்ற பிறகுதான் இறங்கினார். பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கும் எரிச்சல்தான்.

உள்ளே போனதும் நான், எல்லாம் சரி என்று சொல்ல நினைத்துப் பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் கணக்கில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தமாம். உடனே மேலே கொண்டுவந்துவிட்டார்கள். தேவராஜும் கூடவே வந்தார். என்னைத் தனியாக விடக் கூடாதே.

"மேடம், கட்டவெரல காட்டினா மேல இட்டாந்துடுவாங்க. வளையம் போடுங்க. பேஜாரு பண்ணாதீங்க."

அவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

வகுப்பு முடிந்து எழும்பும்போது நான் வேகமாகக் காலை உதைத்தேன். தோளைத் தொட்டு நிறுத்தினார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்துக் காட்டினார்... மெதுவா, மெதுவா. எங்கள் மூச்சுக்குமிழிகளை முன்னால் போகவிட்டு, அவற்றுக்குப் பின்னால் நாங்கள்.

திரும்பி வந்ததும் அவருக்குப் பிரச்சினை ஆரம்பித்தது.

சேஃப்டி ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் ஒரு பிரீத்திங் செட் உண்டு. முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர், முகமூடி எல்லாம் சேர்த்து. சேஃப்டி வார டெமோவில் ஆள் மாற்றி ஆள் அதை மாட்டிப் போட்டோ எடுத்தே காற்றைத் தீர்த்திருந்தார்கள். அதை நிரப்புங்கள் என்று தேவராஜ் கேட்க ஆரம்பித்தார். மீட்டிங்கில் கேட்டார். கேன்டீனில் கேட்டார்.

"இன்னா ஸ்கூபா, எந்தக் கடல்ல எறங்கப் போற?"

அப்புறம் அதுவே பெயராகிவிட்டது. அதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நேற்று சம்ப்பில் அடைப்பு எடுக்க இறங்கிய கான்ட்ராக்ட் தொழிலாளி உள்ளேயே மயங்கி விழுந்தார். அதன்பின் நடந்ததை கிரேன் ஆபரேட்டர் பாபு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தேவராஜ் முதலில் இறங்கவில்லை. செட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்து வந்தார்கள்.

"முள்ளப் பாத்தாரு மேடம். ஜீரோ. யாரையும் திட்டல. கீழ வெச்சிட்டு இடுப்புல கயிறக் கட்டினாரு. நான் ஒருவாட்டி இழுத்தா நீயும் ஒருவாட்டி இழு, நீ இழுத்தா நான் இழுக்கறேன், என் மேலேந்து கண்ண எடுக்காதன்னாரு."

உள்ளே இறங்கி, இன்னொரு கயிற்றை அந்தத் தொழிலாளிக்குக் கட்டி மேலே அனுப்பிவிட்டார். அவர் பிழைத்துவிட்டார், ஐசியூவில் இருக்கிறார்.

"அப்புறம் நான் இழுத்தேன் மேடம். பதிலுக்கு இழுக்கல."

எல்லோரும் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். அதற்குள்...

பாதுகாப்புக் கருவியின்றி. உண்மைதான். கருவி பக்கத்திலேயே இருந்தது, காலியாக.

இன்று காலை கவரைப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். எச்.ஆரிலிருந்து எனக்கு முன்பே வந்து, அவரே அவசரப்பட்டு இறங்கிவிட்டார் என்று அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கடம்பத்தூர்ல எங்கக்கா ஊட்டுக்குப் போவ சொல்லோ, கேஸ மூடினமான்னு பாதி வழிலேந்து திரும்பி வருவாரு மேடம். அந்த ஆளு அவசரப்பட்டாராமா?"

பாபு சொன்னதை மட்டும் அப்படியே சொன்னேன். முள்ளைப் பார்த்தார் என்ற இடத்தில் ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்தப் பதிவை எடுத்துவிடுங்கள் என்று எனக்கு போன் வரும். வரட்டும்.

நாளை காலை அடக்கம். மாலையோடு வருகிறவர்கள், ஸ்டெல்லா காதில் அந்த வார்த்தை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகவே போங்கள், தேவராஜ்.