ஏழுமலைக்கு எத்தனை சாவு?

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தேன். ஆபீஸ் நண்பர் சேகரின் அப்பா முனுசாமி. வயதாகி, படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்த மனுஷர். தெருவை அடைத்து ஷாமியானா, ஐஸ் பெட்டி, வாடகை நாற்காலிகள்...

ஓரமாக இரண்டு ஸ்பீக்கர். அதில் சாவுக் கானா ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் அது இல்லாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். பாடுகிறவர் முதலில் வீட்டாரிடம் உட்கார்ந்து விசாரிப்பார் – செத்தவர் பேர், பிள்ளைகள் பேர், யாரை எப்படிக் கூப்பிடுவார்... எல்லாவற்றையும் பாட்டில் கோத்துவிடுவார். அழாதவனும் அழுதுவிடுவான்.

சிக்கல் என்னவென்றால், அன்றைக்குப் பாடியது ஆள் இல்லை. செல்போன். பெட்டிக்குள் முனுசாமி படுத்திருக்க, 'ஏழுமலை அண்ணே, எழுந்து வாண்ணே' என்று ஸ்பீக்கர் கதறியது.

"யாருப்பா ஏழுமல?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். நானும்தான்.

ஸ்பீக்கர் செட்காரர் அசரவில்லை. "நெட்ல எறக்குனது பெர்சு. பேர இன்னாத்துக்குப் பாக்குற? சோகம் ஒண்ணுதானே?"

வாஸ்தவம்தானே? பாட்டை டவுன்லோட் செய்வது திருட்டா என்று ஆபீஸில் அடிக்கடி சண்டை வரும். நான் எப்போதும் 'இல்லை' கட்சி. பைக்கைத் திருடினால் சொந்தக்காரன் நடந்து போக வேண்டும். பாட்டை எடுத்தால்? அது அங்கேயேதானே இருக்கிறது! யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். பக்கத்துத் தெருக்காரர்.

"அத்த நிறுத்துண்ணா... அது என் ஊட்டுக்காரரு."

சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. செட்காரர் பதறிப்போய் நிறுத்தினார். சேகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை என் பக்கத்தில் உட்காரவைத்தார். பேர் கலாவாம்.

கணவருக்கு இங்கேயே ஒரு இரும்புக் கம்பெனியில் வேலை. மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்குப் பாட வந்தவர், மகளை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்க, அழுகைக்கு நடுவே 'பட்டாணி' என்று சொல்லியிருக்கிறார் கலா. அப்பா மட்டுமே கூப்பிட்ட பேர். 'பட்டாணி தேடுறா, பதில் சொல்லு நைனா' என்று அது பாட்டில் ஏறிவிட்டது. யாரோ போனில் எடுத்து நெட்டில் போட, இப்போது ஊத்துக்கோட்டை பஸ் வரைக்கும் பட்டாணி பிரபலம்.

"பாடுனவர தப்பு சொல்ல மாட்டேன் சார். எங்களுக்காகத்தான் பாடுனாரு. ஆனா இஸ்கூல்ல புள்ளைங்க அத்தயே பாடிக்கினு அவ பின்னாலயே வருதுங்களாம். ஷேர் ஆட்டோல ஏறுனா அங்கியும் அதே பாட்டு. எறங்கி நடந்தே வந்துட்றா."

"நெட்டுலேர்ந்து எடுக்கச் சொல்லி புகார் குடுக்கலாமே..." என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"யார்கிட்ட சார் குடுக்கறது? ஒர்த்தன் எடுத்தா பத்து பேரு வெச்சிக்கினு கீறாங்க. திருட்டுப் போன பொருளு ஊட்ல இருக்காது. இது இன்னாடான்னா, திரும்பித் திரும்பி எங்க ஊட்டாண்டயே வருது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அன்னிக்கு சாப்புடக் கூப்புட்டேன். வாய் தவறி 'பட்டாணி'ன்னுட்டேன். தட்டத் தூக்கி எறிஞ்சிட்டா. அந்தப் பேரு இனிமே ஊட்ல வேணாமாம்... அவுரு அவளுக்குன்னு உட்டுட்டுப் போனதே அது ஒண்ணுதான் சார்."

ஆபீஸில் நான் நீட்டி முழக்கியது சரிதான். பாட்டு அங்கேயேதான் இருக்கிறது. அந்தக் குழந்தையின் பேர்தான் வீட்டில் இல்லை.

செட்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "தெரியாம போட்டுட்டேன்க்கா. போன்லேர்ந்தே அழிச்சிட்டேன். மன்னிச்சுக்கக்கா."

"சரிண்ணா, உடு" என்றார் கலா. பாவம், அவர்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

சாவு வீடு சும்மா இருக்கக் கூடாதே... செட்காரர் போய் அடுத்த பாட்டைப் போட்டார்.

அதில் வேறு யாரோ செத்திருந்தார்.