வாப்பா என்று சொல்லக்கூடாத கடை

புடவைக்கடையில் நிற்பவனுக்கு வாய்தான் மூலதனம். ஆனால் கூட வேலை செய்பவனுக்கு ஆறுதல் சொல்லப் போனால் அந்த வாயே நம்மைக் கவிழ்த்துவிடும் என்பது, கடை கடையாக நிற்கும் என் சக சிப்பந்திகளே, உங்களுக்கும் தெரிந்ததுதான்.

புத்தளத்தில் எங்கள் கடையில் இடுப்பில் கட்டும் சாரம் விற்பவன் நிசார். ஊரையே சிரிக்க வைப்பவன், தன்னைப் பெற்ற வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு வேலைக்கு வந்தும் வாய் திறக்கவில்லை. பொடியன் இப்படியே உடைந்து போய்விடுவானோ என்று எனக்குப் பயம். அவன் காதுபட ஒருவரும் 'வாப்பா' என்று சொல்லக்கூடாது எனச் சட்டம் போட்டேன்.

வெள்ளைக்கு வந்த சோதனை

மௌத்தானவரைச் சுற்றும் கபன் துணி ஞாபகம் வருமே என்று வெள்ளைத் துணியை எல்லாம் ஒளித்து வைத்தோம். அன்றைக்கென்று நுரைச்சோலையிலிருந்து ஒரு தாய் பள்ளிக்கூட உடுப்புக்கு வெள்ளைத் துணி எடுக்க வந்தார். வெள்ளை முடிந்துவிட்டது என்று ரோஸ் காட்டினேன், பிறகு பூப்போட்ட மஞ்சள் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புள்ளய ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்றீங்களா, கலியாணத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

ஆறுதல் படலம்

காசாளர் பரீத் நானா, "நான் பாத்துக்கொள்றன்" என்று நிசாரைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனார். தன் வாப்பா மௌத்தான கதையைத் தொடங்கியவர், பாதியில் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். நிசார் கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியைக் கொடுத்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தேத்தண்ணிக் கடைக்காரர் மெதுவாக நிசாரிடம் குனிந்து கேட்டாராம்:

"பாவம், இவர்ட வீட்டுல ஆரு மௌத்து?"

இருமல்

எங்கள் ஊர் ஆட்கள், கடைக்குள்ளும்கூட, இளவட்டங்களை அன்பாக வாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் போட்ட இந்த மடையனுக்கு அது ஞாபகம் வரவில்லை. மாம்புரியிலிருந்து வந்த ஒரு பெண் நிசாரிடம், "சாரம் காட்டுங்க வாப்பா. இது வேணாம் வாப்பா" என்று தொடங்கினார். ஒவ்வொரு வாப்பாவுக்கும் நான் ஓங்கி இருமினேன். நிசாரின் கண் கலங்கியதும் அந்தப் பெண்ணைச் சட்டை விற்கும் பக்கம் கூட்டிப்போகப் பார்த்தேன்.

"விடுங்க நானா," என்றான் நிசார். "வீட்டுல என்ன வாப்பாண்டு கூப்புட எங்கட வாப்பா மட்டுந்தான் இருந்தாரு. கடையிலயும் இப்ப ஒருத்தரும் சொல்றாங்க இல்ல."

அந்தப் பெண்ணுக்கு விசயம் விளங்கிவிட்டது. அவன் தலையைத் தடவி அவர் சொன்னதைக் கேட்டு, நிசார் அழுதபடியே விழுந்து விழுந்து சிரித்தான்.

"அழுவாதீங்க வாப்பா. இந்த இருமல்காரர ஒருக்கா டொக்டர்ட்ட காட்டுங்க வாப்பா."

இப்போது நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க அவனை வாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், துணி மடிக்கக் கூப்பிடும்போது மட்டும் அது அவன் காதில் விழுவதில்லை.