கிராம சபையில் நான் கேட்ட கேள்வி

பொறாமைப்படுவது எனக்குப் புதிதல்ல. ஓரகத்தியின் கம்மலில் தொடங்கி அடுத்த வீட்டுக்காரியின் தண்ணீர்க் குழாய் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பட்டிருக்கிறேன். ஆனால் கூட வேலை செய்கிறவளுக்கு அரசாங்கம் வீடு ஒதுக்கிவிட்டது என்று கேட்ட காலையில் எரிந்ததுபோல என் வயிறு அதற்கு முன் எரிந்ததில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் காட்டினாள். இரண்டு அறை, சமையலறையில் மேடை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. நான் சிரித்துக்கொண்டே, ரொம்ப சந்தோஷம்மா என்றேன். வாய் சொன்னது, அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வேலைக்குப் போகிறவர்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு, பழையது முடிகிறபோது அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நாள் முழுக்க முறுக்குவோம். ஆயிரக்கணக்கான இழை. அப்படி ஆறு வருடம் அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் முகாமில் பிறந்தவள். எங்கள் ஊர் முசரவாக்கத்தைத் தாண்டி இருக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாம். அவள் அம்மா வயிற்றில் அவளைச் சுமந்துகொண்டு படகில் வந்தவராம். இவள் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் ஆமாம் என்பதற்கு 'ஓம், ஓம்' என்பாள். பி.காம். முடித்திருக்கிறாள். புருஷன் பெயிண்டர், வேறு மாவட்டத்து முகாமில் வளர்ந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தவன். ஒரு பெண் குழந்தை. மூன்று பேரும் அவள் அம்மாவோடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தார்கள். அந்தத் தகர வீட்டு வரிசையை இடித்துவிட்டுத்தான் அரசாங்கம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தது.

என் வீடு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது. மாமனார் காலத்திலிருந்து இருக்கிறோம். பட்டா இல்லை. எத்தனை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்றிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அவளுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் எம்.எல்.ஏ. போய் அடிக்கல் நாட்டியது அவர்கள் இடத்தில். என் தெருவுக்கு அவர் ஓட்டுக் கேட்கத்தான் வந்தார். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாசலுக்கு என்ன நிறம் அடிக்கலாம், மேடைக்குக் கடப்பாக் கல்லா கிரானைட்டா என்று அவள் பேசப் பேச எனக்கு இழை கை நழுவும். அவளாவது நிறுத்தினாளா, இல்லை. என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். அக்காவுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வாள்.

சுதந்திர தினத்துக் கிராம சபைக்கு எம்.எல்.ஏ. வருகிறார் என்று ஊரில் சொன்னார்கள். இந்த முறை எல்லார் முன்னாலும் மனுவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று யோசனை சொன்னவளே அவள்தான். மனுவை எழுதித் தந்ததும் அவள்தான். நான் எழுதினால் வரி ஏறி இறங்கும். அவள் எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். துணைக்கு வருகிறேன் என்று அவளும் வந்தாள்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். எங்கள் ஊரில் கிராம சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலிலேயே மேசை போட்டுப் பஞ்சாயத்துக் கிளார்க் உட்கார்ந்திருப்பார். உள்ளே வருகிறவர்கள் முதலில் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகுதான் டீயும் மிக்சர் பொட்டலமும். புத்தகத்தில் பக்கத்தின் மேல் பாதி காலியாக இருக்கும். என்ன பேசி முடிவானதோ அதைக் கூட்டம் முடிந்த பிறகு நிதானமாக எழுதிக்கொள்வார். ஆள் கணக்குக் குறையக் கூடாது என்பதற்காக யார் வந்தாலும் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். அன்றைக்கு அவளிடமும் வாங்கினார். நான் முகாம், எனக்கு இங்கே ஓட்டு இல்லை என்று அவள் சொன்னாள். பரவாயில்லை போடுமா என்றார். போட்டாள். மிக்சர் பொட்டலத்தை என் பையில் வைத்தாள், என் சின்னவனுக்கு என்று.

என் முறை வந்தது. மனு என் கையில் இருந்தது. எம்.எல்.ஏ. நாற்காலியில் சாய்ந்தபடி, சொல்லுங்கம்மா என்றார். பட்டா என்று ஆரம்பிக்கத்தான் எழுந்தேன், சத்தியமாக. ஆனால் அதே வார்த்தையை எத்தனை வருடம் சொல்வது? வேறு ஒன்று முந்திக்கொண்டு வந்தது.

"முகாம்ல வூடு குடுக்கிறீங்களே, சார். யாரு, எங்கேர்ந்து வந்தவங்க, உண்மையிலே அங்க குடும்பம் நடத்துறவங்கதானான்னு யாரு விசாரிச்சாங்க? ஓட்டுப் போடுற எங்களுக்குப் பதில் சொல்லுங்க."

கை தட்டினார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து விசில்கூட வந்தது. பஞ்சாயத்துத் தலைவர், நியாயமான கேள்வி என்று தலையை ஆட்டினார். எம்.எல்.ஏ. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்டிப்பாக விசாரிக்கச் சொல்கிறேன் என்றார். இருபது வருடத்தில் எனக்கென்று ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது. இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்ததும், குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு முன்னாலேயே நடந்துவிட்டாள்.

என் மனுக்கள் வருடக்கணக்காக நகராத அதே ஆபீஸிலிருந்து இரண்டே வாரத்தில் முகாமுக்கு ஆள் வந்தார்கள். வீடு வீடாகக் குடும்ப அட்டையைப் பார்த்தார்கள், விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள், பட்டியலைத் திருப்பி எழுதினார்கள். மற்றவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. இவள் பெயர் மட்டும் நின்றுபோனது. புருஷன் பெயர் இன்னும் அவன் வளர்ந்த முகாமின் பதிவேட்டிலேயே இருந்ததாம். மாற்றச் சொல்லிக் கல்யாணமான வருடமே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாறவில்லை. பதிவில் புருஷன் இல்லாததால் இவள் தனிக் குடும்பம் இல்லையாம், அம்மாவின் அட்டையில் ஒரு பெயர்தானாம். அம்மாவுக்கு ஒரு வீடு. இவளுக்கு இல்லை.

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வேலைக்கு வந்தாள், எதிரே உட்கார்ந்தாள், முறுக்கினாள். வாசல் நிறத்தைப் பற்றிய பேச்சு நின்றது. கூட வேலை செய்கிற இன்னொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானமே எம்.எல்.ஏ. ஆபீஸுக்குப் போனேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. கேள்வி கேட்ட அம்மா என்று நாற்காலி போடச் சொன்னார். நான் கேட்டது தப்பு சார், அதை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் வேண்டாமா என்று கேட்டுப் பதிலும் சொன்னார். முகாமுக்கு மாதாமாதம் அதிகாரி வந்து தலை எண்ணுவாராம்; அன்றைக்கு நேரில் இல்லாதவர்களுக்கு உதவித்தொகை கிடையாதாம். வெளியூரில் தங்குவதென்றால் அனுமதி வாங்க வேண்டுமாம். போலீஸ் விசாரணை தனியாம். அங்கேயே பிறந்த குழந்தையும் இதே கணக்கில்தானாம். புது வீட்டுக்குப் பட்டா கிடையாதாம், விற்க முடியாதாம், தங்கிக்கொள்ளலாமாம், அவ்வளவுதான்.

"அப்போ அது அவங்க வூடு இல்லியா, சார்?"

"இல்லம்மா. கவுர்மெண்ட் வூடு."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அவளுக்கும் பட்டா இல்லை. என் புத்தி அப்படித்தான் போனது. அடுத்த நிமிடம் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

சரி சார், அப்படியே இருக்கட்டும், அவள் பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் உதவியாளரை ஒரு காகிதம் எடுத்துவரச் சொன்னார். எங்கள் கிராம சபைப் புத்தகத்தின் நகல். முகாம் பயனாளிகளை மறு விசாரணை செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம். கிளார்க்கின் கையெழுத்தில், அன்று காலியாக இருந்த இடத்தில். கீழே ஊரே கையெழுத்துப் போட்டிருந்தது.

"ஜனங்க போட்ட தீர்மானம்மா. நான் ஒருத்தன் எப்படி மாத்துறது? பாருங்க, முகாம்லேர்ந்தே ஒருத்தர் ஒத்துக்கினு கையெழுத்து போட்டுக்கிறாங்க."

அவர் விரல் வைத்த இடத்தில் அச்சடித்த மாதிரி அவள் பெயர் இருந்தது.

மறுநாள் தறி வீட்டில் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பொறாமையில்தான் கேட்டேன் என்பதையும் சொன்னேன். தீர்மானத்தில் அவள் கையெழுத்து இருப்பதையும் சொன்னேன். அதை அதிகாரிகள் வந்த அன்றைக்கே அவளிடம் காட்டிவிட்டார்களாம். கையில் இருந்த இழையை முறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"ஆறு வருசமா உங்க எதுர்லதானே உக்காந்துக்கினு இருக்கேன், அக்கா. எம்.எல்.ஏ.வைக் கேட்டதை என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

அவள் அடுத்த இழையை எடுத்தாள். அந்தப் பாவைச் சேர்த்து முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது.

முகாமில் மற்றவர்கள் புது வீட்டுக்குக் குடி போய்விட்டார்கள். இவள் குடும்பம் அம்மாவுக்குக் கிடைத்த வீட்டின் முன்னறையில் இருக்கிறது. புருஷன் பெயரை மாற்றச் சொல்லி மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்கும் பரிசீலனையில் உள்ளது என்று கடிதம் வந்திருக்கிறதாம். இதெல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் இப்போது வேறு தெருவில் வேலைக்குப் போகிறாள், முந்தைய பேருந்தைப் பிடித்துவிடுகிறாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து பாவு சேர்ப்பது கீழத் தெருக்காரி ஒருத்தியாம். நல்ல மாதிரியாம், நாள் முழுக்க அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாளாம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அவளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.