நாலு அடி குறைந்த பனர்

தெல்லிப்பழையில் இருக்கும் எங்கள் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் நிலையத்துக்குப் பிரதீபா மூன்று மாதத்துக்கென்று வந்தவள். பிரசவ லீவில் போன ஒருத்திக்குப் பதிலாக. அப்போது பிறந்த பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. பிரதீபா இன்னும் போகவில்லை. போகச் சொல்ல ஒருவருக்கும் துணிவு இல்லை.

நான் சுதாகரன், நிலையத்தின் வான் சாரதி. பிரதீபாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது எனக்குக் கஷ்டம். உடுப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும் வானுக்குள் தலையை விட்டு மணந்து பார்ப்பாள். "அண்ணை, உது வானோ, மீன் பெட்டியோ?" என்பாள். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சத்தம் பிடிக்காது, யார் எந்த யன்னலோரம் இருந்தால் சத்தி எடுப்பான், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்குத் தேத்தண்ணி தரத்தான் மறந்துவிடும்.

ஆரபிக்குப் பதினாலு வயது. கதைக்கமாட்டாள், படப்பலகையில் விரல் வைத்துச் சொல்லுவாள். காலையில் மற்றப் பிள்ளைகள் தேத்தண்ணிப் படத்தில் விரல் வைக்க, இவள் கடலில் வைப்பாள். போன வருடச் சுற்றுலாவில் தொண்டைமானாற்றுக் கடற்கரையில் அவளுடைய சக்கர நாற்காலி மணலில் புதைந்தது. ஆம்பிளைகள் நாங்கள் தூக்கப் போனோம். கத்தி, எங்கள் கைகளைத் தட்டிவிட்டாள். பிறகென்ன, வானுக்குள் இருந்தபடி கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். இறங்கும்போது பிரதீபா அவளிடம், "அடுத்த முறை உன்ரை கால் நனையும். அது என்ரை பொறுப்பு" என்றாள்.

இந்த வருடச் சுற்றுலாச் செலவைக் கனடாவிலிருக்கும் ஆழ்வாப்பிள்ளை என்பவர் தன் எண்பதாவது பிறந்தநாளுக்காக ஏற்றார். எங்கள் வழக்கம் தெரியும்தானே. அங்கே ஒருவருக்கு வயது ஏறினால், இங்கே பிள்ளைகள் அவருடைய முகமும் வாழ்த்தும் அச்சடித்த பனருக்குக் கீழே வரிசையாக இருந்து, சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் பிடித்தபடி படம் எடுக்க வேண்டும். படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பசி.

சக்கர நாற்காலி புதையாமல் மணலில் போடப் பிரதீபா நாலு பலகை தேடி வைத்திருந்தாள். நான் அவற்றை வானில் ஏற்றினேன். நிலையத்தின் செயலாளர் நடராசா சேர், பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறியவர், குத்துவிளக்குக்கும் மைக்குக்கும் இடமில்லையென்று பலகைகளை இறக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் பிழை, யாருடைய தலையிலும் கட்டமாட்டேன்.

கடற்கரைக் காற்றில் குத்துவிளக்கின் ஐந்து திரியையும் கொளுத்த ஒரு நெருப்புப்பெட்டி காலியானது. இரண்டாவது பெட்டி வாங்க நான் கடைக்கு ஓடினேன். பிறகு சேர் பேசினார். "சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்" என்று மூன்று தரம் சொன்னார். மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும், பிள்ளைகளின் மருந்து நேரம். பேச்சு முடிய இரண்டரை. மற்றப் பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினார்கள். ஆரபி தார் றோட்டின் ஓரத்தில் சக்கரக் கதிரையில் இருந்தாள்.

"அண்ணை, பலகை எங்கை?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"எருமை" என்றாள். நியாயம்தான்.

பிறகு நேரே போய்ப் பனரின் கயிற்றை அவிழ்த்தாள். இருபது அடிப் பனர். மணலில் விரித்து, மூலைகளில் கல் வைத்தாள்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்? அது அந்த மனிசன்ரை முகமெல்லோ!" சேர் மைக்கோடு ஓடிவந்தார். பாவம், அவருக்கு உண்மையாகவே பயம். அந்த மனிதர் கோபித்தால் அடுத்த வருடம் சுற்றுலாவே இல்லை.

"தெரியும் சேர். நல்ல மொத்தமான முகம். தாங்கும்."

கதிரை நகர்ந்தது. இடது சில்லு ஆழ்வாப்பிள்ளையின் மூக்கில் ஏறியது, வலது சில்லு 'பல்லாண்டு வாழ்க'வில் ஏறியது. கடலுக்கு நாலு அடி இருக்கப் பனர் முடிந்துவிட்டது. நான் தூக்கவென்று கையை நீட்டினேன். ஆரபி என்னைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன். பிரதீபாவின் தோளைப் பிடித்துத் தானே இறங்கினாள். இருந்தபடியே, கைகளை ஊன்றி ஊன்றி அரைந்து, அந்த நாலு அடியையும் போனாள். முதல் அலை மடியில் வந்து விழுந்தது. அவள் சிரித்த சத்தத்தில் சேரும் மைக்கைக் கீழே வைத்தார். நான் அழுதேன். ஒளிக்கவில்லை.

படம் எடுத்து அனுப்புவது என் வேலை. ஒன்றையும் விடாமல் அனுப்பினேன், மூக்கில் சில்லு ஏறியதையும் சேர்த்து. சேர் அதை அறிந்து இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கனடாவும் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆழ்வாப்பிள்ளையின் குரற்பதிவு ஒன்று வந்தது. சேர் போனை அழுத்தினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"தம்பி நடராசா, பனர் நாலடி குறைஞ்சு போச்சுப் போலை கிடக்கு. அந்தப் பிள்ளை மண்ணிலை அரைஞ்சு போறதைப் பாத்துக்கொண்டே இருந்தன். அடுத்த முறை கடல் வரைக்கும் வாற மாதிரி அடியுங்கோ. என்ரை முகம் வேண்டாம்."

ஆரபி படப்பலகையில் கடல் படத்தில் விரல் வைத்திருந்தாள்.

"அகலத்தையும் சொல்லிவிடுங்கோ சேர்" என்றாள் பிரதீபா. "ஆறடி வேணும். பக்கத்திலை நானும் நடக்கோணும்."