கட்டைவிரலுக்கு எண்ணெய்

என் வீட்டுக்காரருடைய இடது கட்டைவிரலுக்கு நான் செய்த சேவையை எந்த சாமிக்கும் செய்ததில்லை. காலையில் தேங்காயெண்ணெய், மத்தியானம் பழைய வேட்டித் துணியில் ஒரு கட்டு, சாயங்காலம் கட்டை அவிழ்த்து வெளிச்சத்தில் ஒரு தரிசனம். பக்தியெல்லாம் இல்லை, சர்க்கார் உத்தரவு.

ஆம்பூரில் அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியை ஒருநாள் மூடிவிட்டார்கள். நயா பைசா புதிதாக வந்து, சில்லறை கொடுக்கும் சாக்கில் எல்லோரும் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. முதலாளி மெட்ராசுக்குப் போய்விட்டார். முன்பென்றால் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். ஆனால் ஆளை நிறுத்தினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. யூனியன்காரர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு, முதலாளி பணத்தை வேலூர் லேபர் ஆபீசில் கட்டிவிட்டார், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தகவல் வந்தது.

அந்தப் பணத்தை நான் மனதுக்குள் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். ஒரு பழைய சைக்கிள், அதன் பின்னால் கட்டக் குடியாத்தம் லுங்கி ஒரு மூட்டை. ஊர் ஊராகப் போய் விற்கலாம். டேனரியில் அவருக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் முடி கழன்றுவரும். அதற்குள் இறங்கி நின்று தோலைப் புரட்டுவதும் தூக்குவதும்தான் அவர் தொழில். ஆட்டுத்தோலா ஆளுடைய தோலா என்று சுண்ணாம்பு பார்க்காது. கால் விரலிடுக்கெல்லாம் புண், கை பனைமட்டை மாதிரி. இன்னொரு தடவை அவர் அந்தக் குழியில் இறங்கக் கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலூருக்கு நானும் கூடவே போனேன். பணத்தோடு அவரைத் தனியாக பஸ்ஸில் ஏற்றிவிடும் அளவுக்கு எனக்கு அசட்டுத்தனம் கிடையாது. ஆபீசருடைய மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கருங்கல் வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் அதைவிட அசையாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்தா, கைநாட்டா?"

"கைநாட்டுதாங்க."

வீட்டுக்காரர் மை தடவி அழுத்தினார். தாளில் கறுப்பாக, வட்டமாக, கருகிப்போன ஊத்தப்பம் போல ஒன்று விழுந்தது.

"இன்னாய்யா இது? ரேகை எங்க?"

"சுண்ணாம்புல போயிடுச்சு சார்."

"ரேகை இல்லாத கைநாட்டுக்கு நான் எப்படிய்யா பணம் குடுக்கறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா என் கட்டைவிரலையா காட்டுவேன்?"

வீட்டுக்காரர் பத்து விரலையும் நீட்டினார். பத்தும் அப்படித்தான் இருந்தன. "வேணும்னா கால் வெரலு வெக்கட்டுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஆபீசர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சுண்ணாம்புல கை வெக்காம இரு. தானா வளந்துடும். வளந்தப்புறம் வா."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு இன்னா சார் பண்றது?" என்றேன்.

"அது இந்த செக்‌ஷன்ல வராதும்மா" என்றார்.

அன்று தோலுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கினார்கள், கணக்குப்பிள்ளை வாங்கினார். கேட்டில் நாற்காலி போட்டுத் தூங்கியே காலத்தைத் தள்ளிய வாட்ச்மேனுக்கு ரேகை கோலம் போட்ட மாதிரி விழுந்ததாம். சுண்ணாம்புக் குழிக்காரர்கள் மட்டும் வெறும் கையோடு, வெறும் விரலோடு திரும்பினோம்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே. முரட்டு ஆண்கள் நான்கைந்து பேர் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு, அதில் காற்றுக்கூடப் படக்கூடாது என்பது போல நடந்தார்கள். டீக்கடையில் கிளாஸை வலது கையால்தான் வாங்குவார்கள், இடது கை மடியில் பத்திரமாக இருக்கும். டீக்கடை பாய்க்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"இன்னா தோஸ்த், மாப்பிள்ளை எப்டி கீறாரு? கொஞ்சம் தேறுனாரா?" என்று விரலைத்தான் விசாரிப்பார். கடனுக்கு டீ கொடுத்தவர் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அடுப்பு எரிந்தது என் பீடியால். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டிச் சுருட்டி என் இடுப்பு ஒடிந்தது. அவரை விறகு பிளக்க விடவில்லை, கிணற்றுக் கயிற்றைத் தொட விடவில்லை. ராஜா மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தால்தான் தெரியும், ராஜாக்களை வைத்துக் குடித்தனம் பண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று.

அந்த சமயம் பார்த்து வாணியம்பாடியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். அவருடைய டேனரியில் சுண்ணாம்புக்கு ஆள் கம்மி.

"நாளைக்கே வந்துடு. கூலி ஜாஸ்தி போட்டுத் தர்றேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "இப்ப முடியாதுங்க. வெரல்ல ரேகை வளந்துகினு கீது" என்றார்.

மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்பலேர்ந்தும்மா இப்படி?" என்று இரக்கத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் நிஜமாகவே வளர்ந்தது. முதலில் வரியா அழுக்கா என்று சந்தேகமாக இருந்தது, பிறகு சுழி சுழியாகத் தெளிந்தது. ஒருநாள் என் நெற்றியில் ஒட்டியிருந்த பீடித்தூளை அவர் அந்த விரலால் துடைத்தார். உறுத்தவில்லை. கல்யாணமானதிலிருந்து அவர் கை பட்டு எனக்கு உறுத்தாதது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை அவரிடமே சொல்லியும்விட்டேன். "உன்னோட பேஜாரா போச்சுடி" என்று எழுந்து வெளியே போய்விட்டார். காது வரைக்கும் வெட்கம்.

மறுபடியும் வேலூர். மை தடவினார்கள், அழுத்தினார்கள். ஒரு கோடு விடாமல் விழுந்தது. ஆபீசருக்கே பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? நான் சொன்னேனே" என்றார், ஏதோ அவரே எண்ணெய் தடவி வளர்த்த மாதிரி.

இதற்கிடையில் முதலாளியிடமிருந்து பழைய சம்பள ரிஜிஸ்டர் வந்து சேர்ந்திருந்தது. பழைய கைநாட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டுமாம். ஆபீசர் அதைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் என் வீட்டுக்காரர் பெயருக்கு நேராக, வரிசையாக, கறுப்பு ஊத்தப்பம்.

ஆபீசர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "இது வேற ஆளு" என்றார்.

"நான்தாங்க அது."

"ரிஜிஸ்டர்ல ரேகை இல்ல. உன் விரல்ல இருக்கு. ரெண்டும் எப்படிய்யா ஒரே ஆளாவும்?"

"சார், ரேகை வளத்துக்கினு வான்னு சொன்னதே நீங்கதானே!" என்று நான் கத்திவிட்டேன்.

"இல்லேன்னா சொன்னேன்? ரிஜிஸ்டர்ல இருக்கற ரேகை வேணும்மா."

"அதுலதான் ரேகையே இல்லியே!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

அந்தக் கருங்கல்லை எடுத்து என்ன செய்யலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் அவர் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வாணியம்பாடி மேஸ்திரிகிட்ட போறேன்" என்றார். எதற்கு என்று எனக்கு உடனே புரிந்தது.

"வேணாய்யா. பணம் போனா போவுது."

"சைக்கிள் வேணும்னியே" என்றார்.

போனார். எந்தக் குழியில் இறங்கக் கூடாது என்பதற்காக அந்தப் பணத்தைக் கேட்டோமோ, அந்தப் பணத்துக்காகவே குழியில் இறங்கினார். நான் நாள்கணக்கில் எண்ணெய் தடவி வளர்த்ததைச் சுண்ணாம்பு கொஞ்ச நாளிலேயே தின்றுவிட்டது. ஆறிக்கொண்டிருந்த கால் புண்ணும் திறந்துகொண்டது. எனக்கு அந்த ஆபீசரைத் திட்டத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோய், பக்கத்து வீட்டம்மாவிடம் உருதில் நாலு கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது தடவை தாளில் நல்ல கறுப்பாக, வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் விழுந்தது. ஆபீசர் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்தச் சுண்ணாம்புக் குழிக்காரன் வந்து கைநாட்டு வைத்திருந்தாலும் அது அப்படித்தான் பொருந்தியிருக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இப்ப கரெக்ட்டா இருக்கு. மொதல்லயே இதைக் கொண்டாந்திருந்தா இவ்ளோ அலைச்சல் இல்ல பாரு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் என் காலை நன்றாக மிதித்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள்.

சைக்கிள் வாங்கினோம். மணி அடிக்காது, மற்றதெல்லாம் அடிக்கும். லுங்கி மூட்டையோடு அவர் மாதனூர், பள்ளிகொண்டா என்று சுற்றினார். யாரும் எண்ணெய் தடவாமல், துணி சுற்றாமல், ரேகை அதன்பாட்டுக்கு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அதைக் காட்டு என்று எந்த ஆபீசும் கேட்கவில்லை.

நான்தான் கேட்பேன். சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வந்ததும் இடது கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன்.

"எல்லாம் சரியா கீதா, ஆபீசரம்மா?" என்பார்.

"தெரியல. கைநாட்டு இங்க வெச்சுக் காட்டு" என்று நெற்றியைக் காட்டுவேன்.