லோவு ஸ்டேஷனின் கடிகாரம்

யோகேந்திரா முப்பது வருடம் பிஜித் தீவில் லௌடோகா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் வைத்ததுதான் நேரம். அவர் மட்டும் எந்தக் கல்யாணத்துக்கும் தாலி கட்டி முடிவதற்குள் போய்ச் சேர்ந்ததில்லை.

எண்பத்தேழில் பட்டாளத்தார் பாராளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்ததும் இந்திய வம்சாவளி ஜனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். கிளம்பும் அவசரத்தில், "சரிபண்ணி வைங்கண்ணே, வந்து வாங்கிக்கிறேன்" என்று சுவர்க் கடிகாரத்தையும் மேஜைக் கடிகாரத்தையும் அவர் கடையில் போட்டுவிட்டு, சிட்னியிலிருந்து ஒரு பொங்கல் வாழ்த்துக்கூட அனுப்பாமல் இருந்துவிட்டார்கள். இரண்டாயிரத்தில் மறுபடி ஒரு புரட்சி நடந்தது. மறுபடியும் கடிகாரங்கள் வந்தன. கால் வைக்க இடமில்லாத அந்தப் படிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு யோகேந்திரா எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

"ஓடுறானுங்க பாரு. பொறந்த மண்ணுன்னு ஒரு ரோஷம் வேணாம்?"

ரோஷத்தின் கதை வேறு. எண்பத்தேழில் கனடாவுக்கும் இரண்டாயிரத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் அவரும் மனுப் போட்டார். இரண்டு நாடுகளும் மரியாதையாகக் கடிதம் எழுதி, நீங்கள் வேண்டாம் என்றன. அந்த இரண்டு கடிதங்களும் அரிசி டின்னுக்கு அடியில் இருப்பது அவர் மனைவி ருக்மணிக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது கடிதம் வந்த வாரத்திலிருந்து அவருக்குத் தேசப்பற்று முற்றிவிட்டது.

கடையை ஒரேயடியாக மூடியதும் அந்தப் பற்று ஒரு வேலையில் இறங்கியது. லௌடோகாவை ஒட்டிய லோவுவில் அவர் வீட்டு முன்னறையில், சிட்னிக்குப் போன ஊர்க்காரர் தர்மேந்திரா விட்டுவிட்டுப் போன இரண்டு கதவுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் லௌடோகாவிலிருந்து சிகடோகா வரைக்குமான கரும்பு ரயில் பாதையைப் பொம்மையாகக் கட்டினார். கரும்பு ஏற்றிய அந்தத் தண்டவாளத்தில் ஒரு காலத்தில் ஜனங்களையும் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. யாரும் வந்து வாங்காத கடிகாரங்களின் சுருள்வில்லை எடுத்து எஞ்சினுக்குள் வைத்தார். சாவி கொடுத்தால் எஞ்சின் கிர்ரென்று, வழியிலுள்ள நாண்டி ஊர் வரை போகும். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கட்டடம் ஒவ்வொன்றையும் அளந்துதான் செய்வேன் என்பது அவர் பிடிவாதம். பஸ் ஏறி சிகடோகா போய், காய்கறி மூட்டை அடுக்கியிருந்த ஒரு பழைய கூரையை, மூட்டைக்காரன் முறைக்க முறைக்க அளந்தார். நாண்டியில் புல்லுக்குள் கிடந்த சிமெண்ட் மேடையை முழங்காலில் தவழ்ந்து அளந்தார். மிச்சமிருந்தது ஒன்றுதான், சொந்த ஊரான லோவுவின் ஸ்டேஷன். அது எப்படி இருந்தது என்று அவருக்கு நினைவில்லை. ரயில் ஊருக்குள் மாடு நடக்கிற வேகத்தில் வரும். எல்லோரும் அவரவர் வயல் ஓரத்திலேயே தொற்றி ஏறிக்கொள்வார்கள். ஸ்டேஷன் வரை நடக்க யாருக்கென்ன தலையெழுத்து?

தலைநகர் சுவாவுக்குப் போய், பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் இடத்தில் இரண்டு நாள் தூசி தின்றார். கடைசியில் ஒரு தடித்த நோட்டில் ஒரே ஒரு வரி அகப்பட்டது. லோவு: கொட்டகை, ஒன்று.

"வெள்ளக்காரன் சோம்பேறி. எழுத அலுப்புப் பட்டுக்கிட்டு விட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு, ஊரைவிட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பதினாறு வருடம் திட்டித் தீர்த்தவர்களிடமே விவரம் கேட்கிறோமே என்று அவருக்குக் கூச்சமாக இல்லை.

பதில்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு வந்தன. மூன்று பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தில் செம்பருத்தித் தொட்டி என்றார் தர்மேந்திரா. வான்கூவரில் டாக்ஸி ஓட்டும் இப்ராஹிம், பித்தளைக் கம்பி போட்ட டிக்கெட் ஜன்னல் இருந்தது, அந்தக் கம்பியைப் பிடித்து நின்ற குளிர்ச்சி இன்னும் கையில் இருக்கிறது என்று எழுதினார். கலிபோர்னியாவிலிருந்து பொன்னம்மா அத்தை போனிலேயே அழுதாள். சிவப்பு ஓட்டுக் கூரையாம், மழை பெய்தால் சங்கீதமாம். லோவுவில் அவள் இருந்த வீட்டுக்கே கூரை தகரம்தான்.

யோகேந்திரா தாழ்வாரத்தைக் கட்டினார். பிறகு அதை இடித்து, ஓடு வேய்ந்து கட்டினார். அதையும் பிரித்துவிட்டு, கடிகாரப் பித்தளையை இழைத்து ஜன்னல் கம்பி செய்தார். அன்றைக்குத் தேநீர் கொண்டுவந்த ருக்மணி குனிந்து பார்த்தாள்.

"சும்மா போன ரயிலுக்கு டிக்கெட்டு எதுக்குங்க?"

இரண்டு நாள் அவர் அந்தக் கம்பியை இன்னும் இழைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஜன்னலைப் பிடுங்கி எறிந்தார்.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் இன்னொரு புரட்சி. ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. அவர் சிகடோகா பாலத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். ஆனால் ஆக்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரே மகள் ரினலுக்கு அந்தச் செய்தி சும்மா இல்லை. ஓடியாடி, பெற்றோர் இருவருக்கும் நிரந்தரமாக வந்து தங்க விசா வாங்கிவிட்டாள். இரண்டாயிரத்து எட்டு ஏப்ரல் பத்துக்குள் நியூசிலாந்தில் கால் வைக்க வேண்டும், தவறினால் விசா போனது போனதுதான். அந்த ஏப்ரல் கடைசியில்தான் அவளுக்குப் பிரசவமும். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை அது. ருக்மணி ராத்தூக்கம் பகல்தூக்கம் இல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தாள்.

இருபது வருடமாகக் கேட்ட வரம் கைக்கு வந்ததும் யோகேந்திராவுக்கு அது வேண்டாததாகப் போயிற்று. ஓடியவர்களைத் திட்டிய வாயோடு எப்படிக் கிளம்புவது? எல்லாரும் போனிலேயே மணி பார்க்கிற ஊரில் கடிகாரக்காரன் என்ன செய்வான்? மாப்பிள்ளை வீட்டில் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு, யாராவது சாவி கொடுத்தால்தான் வெளியே போக முடியும். பயந்துவிட்டார் மனிதர், அவ்வளவுதான் விஷயம். பயம் என்று சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டு பல்ராம் முற்றத்தில் நங்கோனா என்ற வேர்ச்சாறு குடிக்கக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார்.

"அந்த ஸ்டேஷன் எப்படி இருந்துச்சுன்னு தெரியட்டும். மறுநாளே பிளேன் ஏறுறேன். அது தெரியாம இந்த மண்ண வுட்டு நகர மாட்டேன். இது சத்தியம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இனி உலகத்தில் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் செய்த சத்தியம் அது. வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ருக்மணியும் கேட்டாள்.

அவள் நச்சரிக்கவில்லை. தானாக மனம் மாறுவார் என்று நவம்பர் முழுக்கப் பார்த்தாள், தை மாதம் பார்த்தாள். மார்ச்சில் ரினல் போன் செய்தாள். அவள் பேசுவது எப்போதும் ஹிந்திதான். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்கிறார், அம்மா எப்போ வர்றே என்று கேட்டுவிட்டு அழுதாள். ருக்மணி போனை வைத்தாள். முன்னறைக்குப் போய், மேஜைமேல் கிடந்த அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திரிங்க. அளக்கணும்."

"என்னாத்த?"

அவள் பின்பக்கம் நடந்தாள். வீட்டைவிட்டுத் தள்ளி, பச்சை வர்ணம் மேல்மேலாக அடித்த தகரச் சமையல் கொட்டகை இருந்தது. அதன் வாசலில் யோகேந்திரா தயங்கி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அதற்குள் அவர் கால் வைத்ததில்லை. சோறு முன்னறைக்கு வரும், தட்டு திரும்பிப் போகும். ஆம்பிளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று அவர் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார், அவரும் அதை ஒழுங்காகக் காப்பாற்றி வந்தார்.

ருக்மணி தோசைத் திருப்பியை எடுத்து, அடுப்புக்கு மேலே இருந்த பலகைச் சுவரைச் சுரண்டினாள். கரி பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வர்ணத்தில், சாண் உயர ஆங்கில எழுத்துகள் நான்கு தெரிந்தன. லோவு.

"உங்க அப்பாதான் கொண்டாந்தாரு, அவரே என்கிட்ட சொன்னாரு. நீங்க சுவாவுல தொழில் கத்துக்கப் போயிருந்தீங்க. ரயிலு நின்னுபோச்சி, வீணா மழையில நனையுதுன்னு ரெண்டு வண்டி மாடு கட்டி இழுத்தாந்து போட்டாரு. பேரு இருக்கற பக்கத்த உள்ளாற திருப்பி அடிச்சாரு, யாரும் கேக்கக் கூடாதுன்னு."

யோகேந்திரா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "நாலு வருஷமா நான் அலையறேனே. ஒரு வார்த்த சொன்னியா?"

"கனடாவக் கேட்டீங்க. கலிபோர்னியாவக் கேட்டீங்க. சுவாவுக்குப் போயி பொஸ்தகத்தக் கேட்டீங்க. என்னயக் கேட்டீங்களா?" அவள் நாடாவை நீட்டினாள். "சொல்லியிருந்தா மால போட்டு கும்புட்டுட்டு, என் அடுப்பத் தூக்கி வாசல்ல வெச்சிருப்பீங்க."

"இப்ப மட்டும் ஏன் சொல்றே?"

"ஊர் முன்னால சத்தியம் பண்ணீங்க இல்ல? அவ வயித்துல இருக்கறதுக்கு உங்க ஸ்டேஷன் தெரியாது. அது காத்துக்கிட்டு இருக்காது."

அவர் அளந்தார். பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம். தாழ்வாரம் இல்லை, ஜன்னல் இல்லை, ஓடு இல்லை. கொட்டகை, ஒன்று. அந்த வெள்ளைக்காரன் ஒரு எழுத்தும் குறைத்து எழுதவில்லை. யோகேந்திரா அரிசி டின்மேல் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, ருக்மணிமேல் கோபமாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விட, ஒளிந்துகொள்ள இனி இடமில்லையே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

சத்தியம் சத்தியம்தான். மூன்றே நாளில், அந்தச் சுவரிலிருந்தே ஒரு பலகையைப் பெயர்த்து இழைத்து, உள்ளங்கை அளவுக்கு லோவு ஸ்டேஷனைச் செய்து முடித்தார். உண்மையான மரம், உண்மையான கரி. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். தர்மேந்திரா, இது வேறு ஏதோ ஊர் என்று எழுதினார். இப்ராஹிம் போனில் சிரித்தார்.

"அண்ணே, இது ஆட்டுக் கொட்டாய்ணே. நம்ப ஸ்டேஷனா இது?"

யோகேந்திராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தியா ருக்மணி, பிளேன் ஏறுனதும் புத்தி கெட்டுப்போயிடுது. கண்ணால பாக்காத ஓட்டுக் கூரைக்கு அழறானுங்க. நான் அங்க போனாலும் உள்ளத உள்ளபடிதான் சொல்லுவேன்."

ருக்மணி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொம்மை ரயில் பாதையைப் பிரித்தார்கள். மேஜையாகக் கிடந்த இரண்டு கதவுகளையும் பல்ராம் வந்து கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டில் கதவாகவே மாட்டிவிட்டார். ஸ்டேஷனை மட்டும் யோகேந்திரா பிஸ்கட் டின்னில் வைத்து மடியிலேயே கொண்டுபோனார். ஏப்ரல் ஏழாம் தேதி ஆக்லாந்து விமான நிலையத்தில், கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி டின்னைத் திறந்து பார்த்தாள். பலகையில் ஊசி முனை அளவில் நான்கு ஓட்டைகள் இருந்தன. மரப்பூச்சி, இதை உள்ளே விட முடியாது, அழிக்கச் சம்மதம் என்று இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றாள் பணிவாக. கலையை அழிக்கிறார்கள் என்று அவர் தமிழில் கத்தினார். பின்னால் நின்ற வரிசைக்கு ஒன்றும் புரியவில்லை. ருக்மணி பேனாவைக் கையில் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார்.

குழந்தை பிறந்தது, பெண். தாயும் பிள்ளையும் நலம். ருக்மணி வேண்டிய கோயில்களுக்கெல்லாம் காணிக்கை அனுப்பினாள். யோகேந்திரா குழந்தை வண்டி தள்ளினார். பயந்த அளவுக்கு ஒன்றும் மோசமில்லை, குளிர்தான் அதிகம்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஜனை முடிந்து பிஜிக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே பிறந்த பிரனேஷ் என்ற வாலிபன் ஹிந்தியில் கேட்டான்.

"அங்கிள், உங்க ஊர்ல ரயில் ஸ்டேஷனெல்லாம் இருந்துச்சாமே?"

யோகேந்திரா கையைத் துடைத்துக்கொண்டார்.

"இருந்துச்சாவா? மூணு பக்கமும் தாழ்வாரம், சிவப்பு ஓடு. நடுவுல ஒரு கடிகாரம், ஊரு முழுக்கத் தெரியும். அதுக்கு வாராவாரம் சாவி குடுத்தது யாரு? நான்தான்."

பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கடிகாரம் கண்முன் தெரிந்தது. அதன் முள் லேசாகத் துருப்பிடித்திருந்தது கூடத் தெரிந்தது. கண் கலங்கியது. சுற்றி இருந்த பெரியவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

பேத்தியை மடியில் வைத்திருந்த ருக்மணியிடம் பிரனேஷ் திரும்பினான். "ஆண்ட்டி, நீங்களும் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம?" என்றாள் அவள், எல்லோருக்கும் புரியும்படி ஹிந்தியிலேயே. "முப்பத்தி நாலு வருஷம் அதுக்குள்ளதான் சோறாக்கினேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆண்ட்டிக்கு என்ன குறும்பு என்று யாரோ மேஜையைத் தட்டினார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் யோகேந்திராதான்.