பீடிமேல் போட்ட பழி

பெருங்குடலில் புற்று என்று வெட்டி எடுத்த அன்றோடு என் வீட்டுக்காரர் பீடியை விட்டுவிட்டார். ஆவுடையார்கோவிலில் எங்கள் உரக்கடையில் யாராவது பற்றவைத்தால்கூட, வெளியே போகச் சொல்வார்.

அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக்கோட்டைக்குப் போய் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை செய்வோம். எண் கீழே கிடந்தால் நிம்மதி. ஏறினால் புற்று திரும்பி வந்துவிட்டதோ என்று தேட வேண்டும். முந்தின வருஷம் சித்திரையில் கொஞ்சம் ஏறியிருந்தது. இவரை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, மருந்து வாங்க வரிசையில் நின்று நான் உள்ளே வந்தபோது, டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, இவரப் பீடிய நிறுத்த வைக்கக் கூடாதா? பீடி குடிக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். நிறுத்திட்டு மறுபடி டெஸ்ட் பண்ணட்டும். அப்பவும் எறங்கலைன்னா ஸ்கேன் எடுப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவுக பீடிய விட்டு வருஷக்கணக்காச்சுங்க!" என்றேன்.

"அவளுக்குத் தெரியாமக் குடிக்கிறேங்க," என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அவரைத்தான் நம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்து உலுக்கினேன்.

"பீடி குடிச்சாலும் ஏறும், குடிக்கிறீங்களான்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன். ஸ்கேன்னு போனா அடுத்து கத்திதான். மறுபடி வயித்துல பையக் கட்டிக்கிட்டு என்னால அலைய முடியாது," என்றார்.

முதல் ஆபரேஷனுக்குப் பின் மலம் போக வயிற்றில் சில மாதம் பை வைத்திருந்தார்கள். அப்போது ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருடைய சொந்த அண்ணனே எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதோடு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அந்த அண்ணன்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

சொன்ன பொய்யை நிஜமாக்க, மறுநாளே ஒரு கட்டு பீடி வாங்கிக் கடை வாசலில் உட்கார்ந்து இருமி இருமிக் குடித்தார். உயிருக்குப் பயந்து விட்டதை மானத்துக்காகப் பிடித்துக்கொண்டார். புருஷனை அடக்கத் தெரியாதவள் என்று சொந்தபந்தமெல்லாம் என்னைத் திட்டியது. உண்மையைச் சொன்னேன், ஒருவரும் காது கொடுக்கவில்லை. கையில் பீடி புகையும்போது யார் நம்புவார்கள்?

அடுத்த பரிசோதனையைத் தள்ளித் தள்ளி ஐப்பசிக்குக் கொண்டுபோனார். எண் பல மடங்கு ஏறியிருந்தது. "பீடிக்கு இவ்வளவு ஏறாது," என்றார் டாக்டர். ஸ்கேனில் பார்த்தால், கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது. இனி ஆபரேஷனுக்கே வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் பயந்துபோய் பீடிக்கட்டைத் தூக்கி எறிந்தார். மருந்து ஏற்றி ஏற்றிப் படுத்த படுக்கையானார். மாசியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவை நான்தான் போய் வாங்கி வந்தேன். இன்னும் ஏறியிருந்தது. வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"எறங்குச்சா?" என்றார் இவர்.

"எறங்கிருச்சுங்க," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களாண்ணே, பீடிய விட்டதும் எறங்கிருச்சு." தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார், பாவி மனுஷன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத நீ மொதல்லயே நிறுத்த வச்சிருக்கக் கூடாதா?"

அவருக்குப் பதில் சொல்வதானால் உண்மையான எண்ணையும் சொல்லியாக வேண்டும். கட்டிலில் இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்புத்தாங்க," என்றேன்.